பாய் சேர்வோ இழுத்தவுடன் ஆர்டுயினோ நானோ மீளத் தொடங்குகிறது: பிழை நிரலிலா, மின்சாரத்திலா?

நோர்வூட் பாய்க்கப்பல் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் உயர்தரத்தில் பொறியியல் தொழில்நுட்பம் படிக்கும் மாணவன். சில மாதங்களாக 65 சென்ரிமீற்றர் நீளமான, ரிமோட்டால் இயங்கும் பாய்மரப் படகு ஒன்றைச் செய்து வருகிறேன். எங்கள் தோட்டத்துக்குக் கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தின் ஒரு கை வந்து முடிகிறது. மலைகளுக்கு நடுவே இருப்பதால் அங்கே காற்று ஒரே சீராக வீசுவதில்லை. அமைதியாகக் கிடந்த நீரில் கருமையான சிற்றலைகள் ஓடி வருவதைக் கண்டு ரிமோட்டில் விரலை அசைப்பதற்குள் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நீரை அள்ளிவிடுகிறது. ஆகவே, படகு ஓர் அளவுக்கு மேல் சாய்ந்தால் பாய்க்கயிற்றைத் தானாகவே தளர்த்தும்படி, ரிமோட்டின் கட்டளையை வாங்கும் ரிசீவருக்கும், அதன்படி பாயையும் சுக்கானையும் அசைக்கும் சிறு மோட்டர்களான சேர்வோக்களுக்கும் இடையில், நிரலேற்றக்கூடிய சிறு சில்லுத் தகடான ஓர் ஆர்டுயினோ நானோவை வைத்திருக்கிறேன்.

என்னிடம் உள்ளவை: ஆறு சனல் ரிசீவர், சாய்வை அறிய எம்பியு 6050 (முடுக்கமானியும் சுழற்சிமானியும் கொண்ட உணரி), சுக்கானுக்கு எஸ்ஜி 90 சேர்வோ, பாய்க்கு 9 சென்ரிமீற்றர் கை பூட்டிய எம்ஜி 996 ஆர் சேர்வோ, இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ற்று லித்தியம் பொலிமர் பற்றரி. பற்றரியை நானோவின் மின் உள்ளீடான விஐஎன் முனையில் கொடுத்து, நானோவின் 5 வோல்ற்று முனையிலிருந்து ரிசீவருக்கும் உணரிக்கும் இரு சேர்வோக்களுக்கும் மின்சாரம் எடுத்திருக்கிறேன். ரிசீவர் அனுப்பும் மின் துடிப்புகளின் அகலத்தை பல்ஸ்இன் கட்டளையால் படிக்கிறேன்.

மேசையில் பாய் இல்லாமல் சோதித்தபோது எல்லாம் சரியாக இயங்கியது. பாயைக் கட்டிக் கயிற்றை இழுக்கச் செய்ததும் இரண்டு சேர்வோக்களும் ஒருமுறை வெட்டி இழுக்கின்றன. நானோவிலுள்ள ‘எல்’ விளக்கு சட்டெனச் சில தடவை மினுங்கி, நிரல் தொடக்கத்திலிருந்து ஓடுகிறது. அது தவிர, ரிமோட்டைத் தொடாமல் வைத்திருக்கும்போதும் சுக்கான் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. ரிமோட்டை அணைத்தால் சுக்கான் ஒரு பக்கமாக முழுதாகத் திரும்பி நின்றுவிடுகிறது. வகுப்பு நண்பர்கள் நிரலில்தான் பிழை என்கிறார்கள். நிரலை மூன்று தடவை முழுதாக மாற்றி எழுதியும் பயன் இல்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பண்டாரவளைப் பட்டறை (பதில்)

தம்பி, நான்காவது தடவையும் நிரலை மாற்றி எழுத வேண்டாம். நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்த ‘எல்’ விளக்கைப் பற்றிய ஒரு வரிதான். நானோ மீளத் தொடங்கும்போது, அதில் முதலில் ஓடும் பூட்லோடர் என்ற சிறு நிரல் அந்த விளக்கை மினுக்கும். அதாவது உங்கள் நிரல் தவறான கட்டளை எதையும் கொடுக்கவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே சில்லுக்கு மின்சாரம் போதாமல் போகிறது. ஏடிமெகா 328 பி சில்லில் மின்தாழ்வைக் கண்டறியும் அமைப்பு ஒன்று உண்டு. நானோவில் வோல்ற்றளவு ஏறத்தாழ 2.7 வோல்ற்றுக்குக் கீழே ஒரு கணம் இறங்கினாலே அது சில்லை மீளத் தொடங்கச் செய்துவிடும்.

ஏன் இறங்குகிறது என்று பார்ப்போம். எம்ஜி 996 ஆர் சேர்வோ 6 வோல்ற்றில் அசைய முடியாமல் முக்கி நிற்கும்போது 2.5 அம்பியர் வரை இழுக்கக்கூடியது. புறப்படும் ஒவ்வொரு தடவையும், நின்ற நிலையிலிருந்து எழுவதற்காக, ஒரு சிறு கணத்துக்கு அதற்கு நெருங்கிய மின்னோட்டத்தையே அது கேட்கும். நானோவின் தகட்டிலுள்ள 5 வோல்ற்று சீராக்கியோ மிகச் சிறியது. அதிலிருந்து அரை அம்பியருக்கு மேல் தொடர்ந்து எடுப்பது தகாது. மேலும் அது மிகுதி வோல்ற்றளவை வெப்பமாக மாற்றியே குறைக்கிறது. முழுதாக ஏற்றிய இரண்டு செல் பற்றரி 8.4 வோல்ற்று, அதை 5 ஆகக் குறைத்துக்கொண்டு 1 அம்பியர் கொடுக்க வேண்டுமானால், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய அந்தத் துண்டு 3.4 வாற்று வெப்பத்தைத் தாங்க வேண்டும். பாயை இரண்டு நிமிடம் இழுத்துப் பிடித்தபின் அதன்மேல் விரலை வைத்துப் பாருங்கள், ஆனால் மெதுவாக வையுங்கள், சுட்டுவிடும்.

மேசையில் ஏன் சரியாக இயங்கியது என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. சுமை இல்லாத சேர்வோ தன் இடத்தை அடைந்ததும் ஓய்ந்துவிடும். பாயில் காற்று அடைந்த சேர்வோ ஓய்வதே இல்லை. கயிறு அதன் கையை வெளியே இழுக்க இழுக்க அது உள்ளே பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதன் முறுக்குவிசை 4.8 வோல்ற்றில் ஏறத்தாழ 9.4 கிலோகிராம் சென்ரிமீற்றர் எனக் குறிப்பிடப்படுகிறது. உங்கள் 9 சென்ரிமீற்றர் கையின் நுனியில் அது 1 கிலோகிராம் அளவுதான், அதுவும் முக்கி நிற்கும் நிலையில். ஆகவே கையின் நீளத்தைத் தேவைக்கு மேல் வைக்காதீர்கள். பாய் திறக்க வேண்டிய தூரத்தை அளந்து, அதற்குப் போதுமான நீளத்தை மட்டும் விட்டுக் கையைக் குறைத்தால் மின்னோட்டமும் குறையும்.

செய்ய வேண்டியது இதுதான். 5 வோல்ற்று 3 அம்பியர் யுபெக் (தனியான வோல்ற்றளவுச் சீராக்கி) ஒன்றை வாங்குங்கள். புறக்கோட்டையில் கிடைக்கும், கூரியரில் ஹட்டனுக்கு வரவழைக்கலாம். அது சுவிச்சிங் முறையில் வோல்ற்றளவைக் குறைப்பதால் அதிகம் சூடேறாது. பற்றரியிலிருந்து இரண்டு கிளைகள் எடுங்கள். ஒன்று நானோவின் விஐஎன் முனைக்குப் போகட்டும். நானோ, உணரி, ரிசீவர் மூன்றுக்கும் சேர்த்து அந்தச் சிறு சீராக்கி தாராளமாகப் போதும். மற்றது யுபெக்குக்குப் போகட்டும்; யுபெக்கின் சிவப்புக் கம்பி சேர்வோக்களுக்கு மட்டும் போக வேண்டும், நானோவின் 5 வோல்ற்று முனையையோ ரிசீவரின் சிவப்பு முனையையோ அது தொடக்கூடாது.

கிரவுண்ட் கம்பிகள் மட்டும் அனைத்தும் ஒன்றாகச் சேர வேண்டும். சிவப்பைப் பிரித்தவர்கள் பலர் கிரவுண்டான கபிலக் கம்பியையும் பிரித்துவிட்டுச் சேர்வோ பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுகிறதே என்று வந்து நிற்பார்கள். சேர்வோ துடிப்பின் உயரத்தைக் கிரவுண்டை வைத்துத்தான் அளக்கிறது. அந்த அடிப்படை பொதுவாக இல்லையென்றால் துடிப்புக்குப் பொருளே இல்லை. அதே காரணத்தால், சேர்வோவின் பெரிய மின்னோட்டம் நானோவின் மெல்லிய கிரவுண்ட் கம்பி வழியாகத் திரும்பி வரவும் கூடாது. பற்றரியின் அருகில் ஒரே புள்ளியில் அனைத்தையும் பற்றவைத்து, சேர்வோ கிளைக்குத் தடித்த கம்பி போடுங்கள். கம்பிகளைச் செருகிச் சோதிக்கும் பிரெட்போர்டின் வழியாகச் சேர்வோ மின்சாரத்தைக் கொண்டுபோகவே வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் பிடிப்புகள் அம்பியர்க் கணக்கான மின்னோட்டத்துக்கு ஏற்றவை அல்ல.

சேர்வோக்களின் அருகே 1000 மைக்ரோஃபரட் கொள்ளளவி ஒன்றையும் போடலாம். ஆனால் யுபெக்குக்குப் பதிலாக அது ஒன்றே போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2 அம்பியரை 1 மில்லிசெக்கனுக்கு மட்டும் கொடுத்தாலே அந்தக் கொள்ளளவியின் வோல்ற்றளவு 2 வோல்ற்று வீழ்ந்துவிடும். மிகக் குறுகிய பள்ளங்களை நிரப்பவே அது உதவும். பாயை இழுத்துப் பிடிக்க அது உதவாது.

ஹட்டன் ரீச்சர் (பதில்)

பட்டறை ஐயா கூறியதே முதல் வேலை. அதைச் செய்யாமல் நான் சொல்வதைச் செய்து பயன் இல்லை. எனினும் மற்ற இரண்டு குறைகளுக்கும் நிரலில் காரணம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

ரிசீவர் ஒவ்வொரு சனலுக்கும் 20 மில்லிசெக்கனுக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது, அதாவது மீடிறன் 50 ஹேட்ஸ். துடிப்பின் அகலம் ஏறத்தாழ 1000 மைக்ரோசெக்கனிலிருந்து 2000 வரை மாறும். நடு நிலை 1500. பல்ஸ்இன் கட்டளை ஒரு துடிப்பு வந்து முடியும்வரை வேறு எந்த வேலையும் செய்யாமல் காத்து நிற்கும். பெரும்பாலான ரிசீவர்கள் சனல்களின் துடிப்புகளை ஒன்றன் வால் பிடித்து ஒன்றாக அனுப்புவதால், முதலாவதைப் படித்து முடித்த நேரத்தில் இரண்டாவது தொடங்கியிருக்கும். அதைத் தவறவிட்டு அடுத்த சுற்றுக்காக மறுபடியும் காத்திருக்க நேரிடும். இப்படி உங்கள் நிரலின் ஒரு சுற்றுக்கு 40 மில்லிசெக்கன் வரை போய்விடும். சாய்வை விரைவாக அறிய வேண்டிய நிரலுக்கு இது மிகவும் தாமதம்.

ரிமோட்டை அணைக்கும்போது நடப்பதும் இதன் தொடர்ச்சியே. சில ரிசீவர்கள் தொடர்பு அறுந்ததும் துடிப்பையே நிறுத்திவிடும். அப்போது பல்ஸ்இன் ஒரு முழுச் செக்கன் காத்திருந்துவிட்டுச் சுழியத்தைத் திருப்பித் தரும். உங்கள் நிரல் அந்தச் சுழியத்தை ‘மிகக் குறுகிய துடிப்பு’ என்று எடுத்துக்கொண்டு சுக்கானை ஓரத்துக்குத் தள்ளுகிறது. 900க்குக் குறைவான அல்லது 2100க்கு மேற்பட்ட எந்த அளவையும் கட்டளையாக ஏற்காமல், ‘தொடர்பு இல்லை’ என்ற அறிகுறியாகக் கொள்ளுங்கள். பல்ஸ்இன்னை விட்டுவிட்டு, நானோவின் 2ஆம் 3ஆம் முனைகளில் உள்ள இன்டரப்ட் வசதியை (சிக்னல் மாறியதும் ஓடும் வேலையை இடைநிறுத்தி அதைக் கவனிப்பது) பயன்படுத்துங்கள்: துடிப்பு எழும்போது ஒரு நேரம், விழும்போது ஒரு நேரம், இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமே அகலம். அந்த மாறிகளை முதன்மை நிரலில் எடுக்கும்போது மட்டும் இன்டரப்டை ஒரு கணம் நிறுத்திப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இது எட்டு பிட் சில்லு. பெரிய எண்ணைத் துண்டு துண்டாகவே படிக்கும், நடுவில் இன்டரப்ட் குறுக்கிட்டால் பாதி பழையதும் பாதி புதியதுமான ஓர் எண் கிடைத்துவிடும்.

சுக்கான் நடுங்குவதைப் பற்றி: ஆர்டுயினோவின் சேர்வோ லைப்ரரி, சில்லின் உள்ளே நேரம் எண்ணும் டைமர் 1 எழுப்பும் இன்டரப்ட்டைக் கொண்டு துடிப்பை நிரல் வழியாகவே ஏற்றி இறக்குகிறது. வேறொரு இன்டரப்ட் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தால் துடிப்பு சில மைக்ரோசெக்கன் பிந்தும். நேரத்தைப் படிக்கும் மைக்ரோஸ் கட்டளையின் நுண்மையும் 4 மைக்ரோசெக்கன்தான். இவை இரண்டும் சேர்ந்து ரிமோட்டின் ஸ்டிக் அசையாதபோதும் எண்ணைச் சற்று ஆட்டும். ஆகவே முன்பு அனுப்பிய அளவிலிருந்து 10 மைக்ரோசெக்கனுக்கு மேல் மாறினால் மட்டும் புதிய அளவை அனுப்புங்கள். பாகைக் கணக்கில் எழுதாமல் ரைட்மைக்ரோசெகண்ட்ஸ் கட்டளையால் எழுதுங்கள். பாகைக் கணக்கில் அந்த லைப்ரரி 0 முதல் 180 வரையானதை 544 முதல் 2400 மைக்ரோசெக்கன் வரை விரித்துக்கொள்ளும். சிறிய சேர்வோ அந்த எல்லையில் தன் உள்தடுப்பில் முட்டி, உறுமிக்கொண்டு மின்னோட்டத்தைக் குடிக்கும்.

உங்கள் யோசனையின் உயிர்நாடியான சாய்வைப் பற்றியும் சொல்ல வேண்டும். முடுக்கமானியை மட்டும் நம்பினால் ஒவ்வோர் அலையும் சாய்வாகத் தெரியும்; சுழற்சிமானியை மட்டும் நம்பினால் சில நிமிடங்களில் சுழியமே நகர்ந்துவிடும். சுழற்சிமானியின் கணக்குக்கு 0.98 பங்கும் முடுக்கமானிக்கு 0.02 பங்கும் கொடுத்துக் கலந்தால் இரண்டின் குறையும் பெரிதும் மறையும். 35 பாகையில் தளர்த்தச் சொன்னால், அதே 35 பாகையில் மீண்டும் இழுக்கச் சொல்லாதீர்கள். பாய் திறப்பதும் மூடுவதுமாக ஊசலாடும். 20 பாகைக்குக் கீழே இறங்கிய பின்னரே, அதுவும் மெதுவாக, இழுக்கட்டும். இன்னொன்றையும் உறுதியாகச் சொல்வேன். நானோவுக்குப் பாயைத் தளர்த்தும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். ரிமோட்டு கேட்டதற்கு மேல் பாயை உள்ளே இழுக்கும் அதிகாரம் அதற்கு ஒருபோதும் இருக்கக்கூடாது. உணரியின் கம்பி கழன்று தவறான எண் வந்தாலும், அப்போது நேரக்கூடியது படகு மெதுவாவது மட்டுமே.

நுவரெலியா கிளைடர் (பதில்)

நான் செய்வது படகு அல்ல, இயந்திரம் இல்லாத கிளைடர். ஆனாலும் ரிசீவருக்கும் சேர்வோவுக்கும் நடுவில் ஒரு சில்லை வைத்து ஒரு விமானத்தை இழந்தவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். ரீச்சர் கூறிய எல்லாத் திருத்தங்களும் சரியானவை. ஆனால் சுக்கானை நானோவின் வழியாகக் கொண்டுபோக என்ன தேவை இருக்கிறது? சாய்வுக்கும் சுக்கானுக்கும் உங்கள் திட்டத்தில் தொடர்பே இல்லை. சுக்கானின் சிக்னல் கம்பியை ரிசீவரிலிருந்து நேரடியாகச் சேர்வோவுக்குக் கொடுங்கள். நானோ உறைந்தாலும் மீளத் தொடங்கினாலும் படகைக் கரைக்குத் திருப்பும் ஆற்றல் உங்கள் கையில் இருக்கும். அன்று என் கிளைடரில் உறைந்தது ஒரு சில்லு மட்டுமே. மூன்று சேர்வோக்களும் அதன் வழியாகச் சென்றதால் மூன்றும் உறைந்தன.

பாய் சேர்வோவுக்காக நானோவின் வாட்ச்டோக் வசதியை 250 மில்லிசெக்கனுக்கு அமைக்கலாம். நிரல் எங்காவது சிக்கி நின்றால் சில்லு தானாக மீளத் தொடங்கும். ஆனால் அதற்கு முன் உங்கள் நானோவில் எந்த பூட்லோடர் இருக்கிறது என்று பாருங்கள். பழைய பூட்லோடர் உள்ள தகடுகளில் வாட்ச்டோக் ஒருமுறை செயற்பட்டால், சில்லு மீளத் தொடங்கிக்கொண்டே இருந்து நிரலுக்குள் வரவே வராது. புதிய பூட்லோடரான ஒப்டிபூட் உள்ளவற்றில் இந்தத் தொல்லை இல்லை. தகட்டில் நிரலேற்றும்போது ‘பழைய பூட்லோடர்’ என்ற தெரிவைத் தேர்ந்தால் மட்டுமே ஏறுகிறது என்றால், உங்களுடையது பழையது.

ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைப்பை, தொடர்பு அறுந்தால் பாய் முழுதாகத் தளரவும் சுக்கான் நடுவில் நிற்கவும் பதிந்துவையுங்கள். 2.4 கிகாஹேட்ஸ் அலை நீரை ஊடுருவாது. அன்டெனா நீர் மட்டத்துக்கு அருகே இருந்தால் தூரம் வெகுவாகக் குறையும். அதைப் பாய்மரத்தின் அடியிலாவது மேல்நோக்கி நிறுத்துங்கள்.

ஈரத்தையும் மறக்க வேண்டாம். நான் கிரகரி வாவியின் ஓரத்தில் காலைப் பனிமூட்டத்தில் மாதிரிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். வீட்டின் சூட்டில் மூடிய பெட்டிக்குள் வெளிக்குளிர் பட்டதும் மூடியின் உட்பக்கம் முத்துமுத்தாக வியர்த்து, துளிகள் தகட்டின் மேல் நிற்கும். ஒரு சிலிக்கா ஜெல் பை உள்ளே இருக்கட்டும். துளைகளை அடைக்க சிலிக்கோன் பூசும்போது வினாகிரி மணம் வீசும் வகையைத் தகட்டின் அருகே பூசாதீர்கள்; அது உலரும்போது வெளிவிடும் அமிலம் செம்பைத் தின்றுவிடும்.

நோர்வூட் பாய்க்கப்பல் (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. யுபெக் வந்து சேர்ந்ததும் ஐயா சொன்னவாறே கம்பிகளைப் பிரித்தேன். அதற்கு முன்பு சீராக்கியின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஒரு செக்கன்கூட வைத்திருக்க முடியவில்லை. கம்பிகளை மாற்றிய பின், பாய்க்கயிற்றில் ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை முக்கால்வாசி நிரப்பித் தொங்கவிட்டு முப்பது தடவை இழுக்கச் செய்தேன். ‘எல்’ விளக்கு ஒரு தடவைகூட மினுங்கவில்லை. முதல் பத்துத் தடவைக்கும் நான் அந்த விளக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுக்கானின் நடுக்கம் அதன் பின்னும் நீங்கவில்லை. ரீச்சர் கூறியபடி இன்டரப்ட் முறைக்கு மாறி, எண்களைக் கணினியில் பார்த்தபோது, ஸ்டிக்கைத் தொடாமலே அளவு 1496க்கும் 1512க்கும் இடையில் அலைந்தது. 10 மைக்ரோசெக்கன் எல்லை வைத்ததும் பெருமளவு குறைந்தது, முழுதாக மறையவில்லை. பிறகு கிளைடர் அண்ணா சொன்னபடி சுக்கானை நேரடியாக ரிசீவரில் பொருத்தினேன். நடுக்கம் அந்தக் கணமே நின்றது. நான் முதலில் செய்த தவறு, ஒரு சில்லு கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் அதன் வழியாகக் கொண்டுபோனதுதான் என்று இப்போது விளங்குகிறது. பாயின் கையையும் 9 சென்ரிமீற்றரிலிருந்து 7 ஆகக் குறைத்துவிட்டேன். பாய் திறப்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

ஒரு கேள்வி மட்டும் மீதம் உள்ளது. 35 பாகையைக் கடந்ததும் நானோ கட்டளை கொடுத்தாலும், பாய் முழுதாகத் திறக்கச் சிறிது நேரம் எடுக்கிறது. அதற்குள் படகு 50 பாகை வரை சாய்ந்துவிடுகிறது. வேகமான சேர்வோ வாங்க வேண்டுமா?

ஹட்டன் ரீச்சர் (பதில்)

வாங்க வேண்டியதில்லை. உங்கள் சேர்வோ 60 பாகை திரும்ப 4.8 வோல்ற்றில் ஏறத்தாழ 0.17 செக்கன் எடுக்கும். சுமையோடு இன்னும் சற்று அதிகம். சாய்வின் அளவை மட்டும் பார்க்காமல், சாயும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். சுழற்சிமானி அந்த வேகத்தை ஏற்கெனவே உங்களுக்குத் தந்துகொண்டிருக்கிறது. இப்போதைய சாய்வுடன், வேகத்தை 0.2 செக்கனால் பெருக்கி வரும் அளவைக் கூட்டுங்கள். அதுவே இன்னும் 0.2 செக்கனில் படகு எங்கே இருக்கும் என்பதன் மதிப்பீடு. அந்தக் கூட்டுத்தொகை 35ஐக் கடந்தால் தளர்த்தச் சொல்லுங்கள். வினாடிக்கு 75 பாகை வேகத்தில் சாயும் படகுக்கு, 20 பாகையிலேயே பாய் திறக்கத் தொடங்கிவிடும். மெதுவாகச் சாயும் படகுக்கு எந்த மாற்றமும் தெரியாது. மீண்டும் இழுப்பதற்கு மட்டும் வேகத்தைச் சேர்க்காமல் சாய்வை வைத்தே முடிவு செய்யுங்கள்.

முதல் ஓட்டங்களில் பின்பக்கத்தில் ஒரு தூண்டில் நரம்பைக் கட்டி, அதன் மறுமுனையைக் கரையில் ஒருவர் பிடித்திருக்கட்டும். படகு நடுவில் நின்றுபோனால் அதை எடுக்க நீங்கள் நீரில் இறங்கவே கூடாது. நீர்த்தேக்கத்தின் கரை, குளத்தின் கரையைப் போன்றதல்ல. நீர் இறங்கும் காலத்தில் மேலே காய்ந்து கீழே சேறாக இருக்கும், இரண்டு அடிக்குப் பின் திடீரென ஆழமாகும். காற்று அதைக் கரை சேர்க்கும்வரை காத்திருங்கள்.

நோர்வூட் பாய்க்கப்பல் (கேள்வி கேட்டவர்)

வேகத்தைச் சேர்த்தபின் நேற்று மாலை நரம்பு கட்டி விட்டோம். நரம்பைத் தங்கை பிடித்திருந்தாள். இரண்டு பெருங்காற்று வந்தது. முதலாவதில் பாய் திறந்து படகு ஏறத்தாழ 40 பாகையோடு நின்றது. இரண்டாவதில் நான் ஸ்டிக்கைத் தொடுவதற்கு முன்பே பாய் திறந்துவிட்டது. உட்புறத்தில் தண்ணீர் ஒரு தேக்கரண்டி அளவே இருந்தது, அது சுக்கான் தண்டின் துளை வழியாக வந்தது. இன்று அந்தத் துளைக்கு கிரீஸ் நிரப்பிய சிறு பித்தளைக் குழாய் பொருத்துகிறேன்.

ரீச்சர், தூண்டில் நரம்பைப் பற்றி எழுதியதற்குத் தனியாக நன்றி. இரண்டாவது காற்றில் பாய்க்கயிற்றின் முடிச்சு அவிழ்ந்து படகு அசையாமல் நின்றுவிட்டது. நரம்பை இழுத்தே கரைக்குக் கொண்டுவந்தோம்.